அன்னமும் போஞ்சியும் நுளம்பும்

எமது பிள்ளைகள் இந்நாட்டுப் பாடசாலைகளில் மேல்வகுப்புகளை எட்டிய நாள்முதலாகப் பெற்றோரிடமிருந்து ஒரு வினா திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றது. “உயிரியற் பாடத்திலே கூர்ப்பு என்றும் குடித்தொகை என்றும் சூழலியல் என்றும் படிக்கின்றார்கள். மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் என்கிறான் மகன். வலியது வாழும், மெலியது மாயும், அதுவே இயற்கையின் சட்டம் என்கிறாள் மகள். நாம் என்ன மறுமொழி சொல்வது?” இதுவே அவ்வினாவின் சாரம்.

நாம் கலைத்துறையிற் பயின்றவர்கள். ஆய்வுகூடத்தில் நின்று பழகியவர்களல்லர். ஆயினும் இது விஞ்ஞானிகளுக்கு மாத்திரம் உரிய விடயம் என்று ஒதுக்கிவிடக்கூடியதன்று. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவனா, தாழ்ந்தவனா என்ற வினாவும், அந்நிய மண்ணில் வந்து குடியேறியவர்கள் யார் என்ற வினாவும் இப்பாடத்தின் அயலிலேயே நிற்கின்றன. எனவே இக்கிழமை மூன்று உயிர்களைத் துணைக்கழைத்துக்கொண்டு இவ்விடயத்தைப் பேச முனைகின்றோம். ஒன்று, நாம் வாழும் இந்நாட்டின் அன்னம். மற்றொன்று, கொப்பன்ஹேகனில் ஒருவர் நிறுத்துப் பார்த்த போஞ்சி விதை. மூன்றாவது, எமது தாயகத்து நுளம்பு.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் ஊரிற் படித்த பாடநூல்களிற் ‘கூர்ப்பு’ என்றிருந்ததைத் தமிழகத்தார் ‘பரிணாமம்’ என்பர். பிள்ளைகள் ‘எவொலுசியோன்’ என்பதும் அதுவே. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வருகின்றன என்பதே அதன் பொருள். ‘குடித்தொகை’ என்பது ஓரிடத்தில் வாழும் ஓரினத்து உயிர்களின் தொகுதி. அது பெருகுவதும் அருகுவதும் எவ்வாறு என ஆராய்வது குடித்தொகையியல். உயிர்களுக்கும் அவை வாழும் மண், நீர், காலநிலை, அயலிலுள்ள பிற உயிர்கள் ஆகியவற்றுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்வது சூழலியல்.

இத்துறைகளுக்கு டென்மார்க் ஒரு தாய்வீடு போன்றது என்பதை எம்மிற் பலர் அறியோம். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை 1870களின் தொடக்கத்தில் டெனிஷ் மொழிக்குக் கொணர்ந்தவர் யென்ஸ் பீட்டர் யாகொப்சன். அவர் தாவரவியல் பயின்றவர். பின்னர் இந்நாட்டின் பெரும் நாவலாசிரியருள் ஒருவராகப் போற்றப்பட்டவர். சூழலியலுக்கெனத் தனியாக எழுதப்பெற்ற முதற் பாடநூல் என்று கருதப்படுவது யூஜீனியஸ் வார்மிங் என்ற டெனிஷ் தாவரவியலாளர் 1895 இல் வெளியிட்ட நூலாகும். இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஜீன்’ என்ற சொல்லை 1909 இல் ஆக்கித் தந்தவரும் வில்ஹெல்ம் யோஹான்சன் என்ற டேனியரே. எமது பாடநூல்கள் அதனைப் ‘பரம்பரையலகு’ எனத் தமிழாக்கின.

இனி அன்னத்துக்கு வருவோம்.

இலக்கியத்தில் மாத்திரம் அன்னத்தைக் கண்டு வந்த எமக்கு, ஒடென்சே ஃபியோர்டின் கரையில் அது கூட்டமாக மேய்வதைக் காண்பது முதலிற் புதுமையாகவே இருந்தது. அலகின் அடியிற் கறுப்புக் குமிழுடைய இவ்வெள்ளை அன்னத்தை டேனியர் ‘க்னொப்ஸ்வானெ’ என்பர். 1984 முதல் இது இந்நாட்டின் தேசியப் பறவை. இன்று எங்கும் காணப்படும் இப்பறவை ஒரு காலத்தில் இந்நாட்டிலிருந்து அற்றுப்போகும் நிலையில் இருந்தது. இடைவிடாத வேட்டையால் 1920களின் நடுப்பகுதியில் நாடு முழுவதிலும் எஞ்சியிருந்தவை மூன்று அல்லது நான்கு சோடிகளே. 1926 இல் அதனை வேட்டையாடுவது சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. இன்று 4,000 தொடக்கம் 5,000 வரையான சோடிகள் இங்கே கூடு கட்டுகின்றன.

நான்கு எவ்வாறு நாலாயிரமாயிற்று? சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு மன்னனைத் திகைக்கவைத்த கதையை நாம் அறிவோம். உயிர்கள் பெருகும் கணக்கும் அதுவே. ஓர் அன்னச் சோடி ஆண்டொன்றுக்கு ஐந்து முதல் எட்டு வரையான முட்டைகளை இடும். குஞ்சுகள் மூன்று நான்கு ஆண்டுகளிற் தாமும் சோடி சேரும். எடுத்துக்காட்டுக்காக, ஐந்தாண்டுக்கொரு முறை தொகை இரட்டிக்கின்றது எனக் கொள்வோம். நான்கு சோடிகள் ஐம்பது ஆண்டுகளில் 4,096 சோடிகளாகும். அதே வேகத்தில் இன்னும் ஐம்பது ஆண்டுகள் சென்றால் அவை நாற்பது இலட்சத்தைத் தாண்டும். டென்மார்க்கின் மக்கட்டொகையே அறுபது இலட்சமளவினதுதான்!

அவ்வாறு நிகழவில்லை, நிகழவும் முடியாது. அன்னம் நீரடிப் புற்பூண்டுகளை மேய்வது. ஆழமற்ற நீர்நிலைகளிலேயே அதன் கழுத்து அடித்தளத்தை எட்டும். அத்தகைய நீர்ப்பரப்பு இந்நாட்டில் ஓரளவே உண்டு. கூடு கட்டும் இடத்துக்குப் போட்டி உண்டு. நீர்நிலைகள் உறைந்துவிடும் கடும் மாரியிற் பட்டினி உண்டு. தொகை ஏற ஏறப் பிறப்புக் குறையும், இறப்புக் கூடும். ஓரிடம் எத்தனை உயிர்களை நிலையாகத் தாங்கவல்லதோ அந்த எல்லையைத் ‘தாங்குதிறன்’ என்பர். தொடக்கத்தில் ஏணிபோல் எழுந்த கோடு மேலே சென்று சமதரையாக வளைந்துவிடுகின்றது. பிள்ளையின் கொப்பியில் ‘எஸ்’ எழுத்துப்போல் ஒரு வளைகோட்டைக் கண்டால், அது இதுவே என அறிக.

இத்தாங்குதிறன் கல்லிற் பொறித்த எண்ணன்று. நிலம் மாறினால் அதுவும் மாறும். ஃபூன் தீவின் வயல்களிலிருந்து உரம் மழைநீரோடு கரைந்து ஆறுகள் வழியாக ஃபியோர்டைச் சென்றடைகின்றது. உரம் கண்ட நுண்பாசி பெருகி நீரைக் கலக்குகின்றது. அடித்தளத்தில் வளரும் கடற்புல்லுக்கு, அதாவது எமது கரையோர மக்கள் சாதாளை என்பார்களே அத்தகைய தாவரத்துக்கு, ஒளி கிட்டாது போகின்றது. பாசி இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குன்றுகின்றது. மீன்களும் அடித்தள உயிர்களும் மூச்சுத் திணறி மடிகின்றன. 1986 இன் இலையுதிர்காலத்தில் கட்டகாட் கடலில் இறந்துபோன கடலிறால்களைத் தொலைக்காட்சியிற் கண்டு இந்நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே நீர்ச்சூழலைக் காப்பதற்கான முதலாவது தேசியத் திட்டம் நிறைவேறியது. வயலில் இட்ட உரம் கடலில் மீனைக் கொல்லும் என்ற இச்சங்கிலியே சூழலியலின் பாலபாடம். யாழ்ப்பாணத்திலும் இதே சங்கிலி உண்டு. வலிகாமத்துத் தோட்டங்களுக்கு அளவின்றி இட்ட உரம் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுவதற்குக் காரணமாயிற்று. அங்கு கடல் செய்ததை இங்கு கிணறு செய்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

அன்னம் இன்னொன்றையும் கற்பிக்கின்றது. ஒரு குடித்தொகை சில சோடிகளாக ஒடுங்கிப் பின்னர் பெருகினால், தொகை மீளும். ஆனால் இழந்த பல்வகைமை உடனே மீளாது. போத்தலின் ஒடுங்கிய கழுத்தினூடே சில மணிகளே வெளிவருவது போன்றது அது. எல்லோரும் ஒரு சில முன்னோரின் வழித்தோன்றல்களாக இருக்கையில், மறைந்திருக்கும் குறைபாடுடைய பரம்பரையலகு தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் ஒரே பிள்ளையிற் சந்திக்கும் வாய்ப்புக் கூடுகின்றது. மச்சான், மச்சாள் முறையில் மணம் முடிப்பது எமது நெடுநாள் வழக்கம். மருத்துவர்கள் கொடுக்கும் கணக்கு இது: உறவற்ற பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு இருவர் மூவருக்குப் பிறவிக் குறைபாடு காணப்படலாம். பெற்றோர் உடன்பிறந்தாரின் மக்களாயின் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறப்பர் என்பதும் உண்மை. ஆபத்துக் கூடுகின்றது என்பதும் உண்மை. சொந்தம் விட்டுப்போகக்கூடாது, சொத்து விட்டுப்போகக்கூடாது என்று பேசும்போது இக்கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது நன்று.

அடுத்து, போஞ்சி.

ஒடென்சேயிற் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் 1843 இல் எழுதிய அழகற்ற வாத்துக் குஞ்சின் கதையை எமது பிள்ளைகள் எல்லோரும் அறிவர். வாத்துக் கூட்டில் அடைகாக்கப்பட்ட குஞ்சு எல்லோராலும் இகழப்பட்டு, ஈற்றில் நீரிலே தன் நிழலைக் கண்டு தான் அன்னம் என்று அறிகின்றது. அகதிகளாகிய எமக்கு அக்கதை இனிக்கும். ‘இன்று இகழ்கின்றார்கள், நாளை நீ யாரென்று தெரியும்’ என்று பிள்ளைக்குச் சொல்ல வசதியான கதை. ஆனால் ஓர் ஆசிரியன் அதனோடு நின்றுவிடலாகாது. அந்தக் குஞ்சு உண்மையிலேயே வாத்தாக இருந்திருந்தால்? அப்போது அதனைக் கொத்தியது நியாயமாகிவிடுமா? கதையில் அதற்கு மதிப்பைத் தேடித் தந்தது அது வந்த முட்டை. வாழ்க்கையில் மதிப்பை முட்டையிலே தேடலாமா?

இவ்வினாவுக்கு விஞ்ஞானத்தின் பக்கமிருந்து விடை தந்தவர் முன்னர் நாம் குறிப்பிட்ட யோஹான்சன். மருந்துக்கடையிற் தொழில் பயின்று, பல்கலைக்கழகப் பட்டமின்றியே பேராசிரியராகி, பின்னர் 1917 இற் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியையும் எய்தியவர். அவர் ஆய்வுக்கு எடுத்தது ‘பிரின்சஸ்’ என்ற வகைப் போஞ்சி. போஞ்சி தன் மகரந்தத்தாற் தானே கருக்கட்டும் இயல்புடையது. எனவே ஒரு விதையிலிருந்து வழிவழியாகப் பெறும் செடிகள் ஏறத்தாழ ஒரே பரம்பரையலகுகளை உடையனவாக இருக்கும். இவ்வாறு 19 ‘தூய வழி’களை அவர் வளர்த்தார், ஒவ்வொரு விதையையும் நிறுத்து எழுதினார்.

அவர் கண்டது இது. ஒரே தூய வழியிலும் விதைகள் ஒரே நிறையின அல்ல. சில பெரியன, சில சிறியன. அவ்வழியின் மிகப் பெரிய விதையையும் மிகச் சிறிய விதையையும் தனித்தனி நட்டுப் பார்த்தார். இரண்டின் சந்ததியும் சராசரியில் ஒரே நிறையுடையனவாக இருந்தன. ஆண்டுக்காண்டு பெரியதையே தெரிந்து நட்டும் சராசரி ஏறவில்லை. ஏன்? அவ்வழியினுள் இருந்த பருமன் வேறுபாடு பரம்பரையால் வந்ததன்று. காயின் எப்பக்கத்தில் விதை இருந்தது, மண் எத்தகையது, ஒளியும் நீரும் எவ்வளவு கிட்டின என்பவற்றால் வந்தது. வழிகள் கலந்திருந்த போஞ்சிக் குவியலில் தெரிவு செய்தபோதோ சராசரி மாறியது. ஏனெனில் அங்கு வழிக்கும் வழிக்கும் இடையே பரம்பரை வேறுபாடு இருந்தது.

இதிலிருந்து அவர் இரு சொற்களைப் பிரித்தார். கண்ணுக்குத் தெரிவது ‘தோற்றவமைப்பு’. உள்ளே வழிவழி வருவது ‘பிறப்புரிமையமைப்பு’. முன்னதைப் பார்த்துப் பின்னதை அப்படியே சொல்லிவிட முடியாது. இதற்குச் சான்று எமது வீடுகளிலேயே உண்டு. தந்தையினும் மகன் அரைச் சாண் உயர்ந்து நிற்கும் வீடுகள் எத்தனை! இப்பிள்ளைகள் புதிய பரம்பரையலகுகளைப் பெறவில்லை. இளமையிற் பாலும் முட்டையும் தடுப்பூசியும் கிட்டின. குண்டுக்குப் பயந்து பதுங்குகுழியிற் கிடக்கவில்லை. அதே விதை வேறு மண்ணில் முளைத்தது. அவ்வளவே.

மூன்றாவதாக, நுளம்பு.

மலேரியாவை ‘நடுக்கக் காய்ச்சல்’ என்று அஞ்சிய தலைமுறை எமது பெற்றோர் தலைமுறை. 1934 இல் இலங்கையிற் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுகைகளிற் குட்டைகள் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு அத்தகைய குட்டைகளிற் பெருகுவது. அவ்வாண்டின் கடைசியிலும் 1935 இலும் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளைச் சூறையாடிய நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. மழை குறைந்தால் நுளம்பு குறையும் என்பதே பொதுவான எண்ணம். ஈரவலயத்தில் நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. சூழலை அறியாது நோயை அறியமுடியாது என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டியதில்லை.

1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. தோளிற் பம்பியைச் சுமந்து வந்து வீட்டுச் சுவர்களிலே மருந்தடித்தவர்களைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். இலங்கையின் இறப்பு வீதம் 1946 இல் ஆயிரத்துக்கு 20 இற்கு மேலிருந்தது. 1947 இல் 14 அளவுக்கு இறங்கியது. இதில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு, வைத்தியசாலைகளினதும் உணவு நிலையினதும் பங்கு எவ்வளவு என்பது அறிஞர் நெடுங்காலம் விவாதித்த விடயம். 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே! நோய் ஒழிந்ததெனத் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆண்டுகளில் நோய் மீண்டும் வெடித்தது. 1969 இல் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மறுபடி டி.டி.ரி.யை எடுத்தபோது நுளம்பு முன்போல் மடியவில்லை. 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று.

நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நாம் பேச்சிற் சொல்வோம். அங்கேதான் கூர்ப்பைப் பற்றிய தவறான விளக்கம் தொடங்குகின்றது. எந்த ஒரு நுளம்பும் பழகவில்லை. எடுத்துக்காட்டுக்காகப் பதினாயிரம் நுளம்புகளை நினையுங்கள். அவற்றுள் ஒன்றிரண்டு, மருந்து வருமுன்னரே, தற்செயலாக நேர்ந்த பரம்பரையலகு மாற்றத்தால் நஞ்சை முறிக்கும் ஆற்றலோடு பிறந்திருக்கும். மருந்தில்லாத காலத்தில் அந்த ஆற்றலாற் பயனில்லை. மருந்தடித்தபோது ஏனையவை மடிந்தன, இவை எஞ்சின. எஞ்சியவற்றின் குஞ்சுகளே அடுத்த தலைமுறையாயின. மாறியது தனி நுளம்பன்று, நுளம்புக் குடித்தொகை. மாறலும், அம்மாறல் பரம்பரையாக வருதலும், எல்லாம் பிழைக்க முடியாத நிலையும் ஆகிய மூன்றும் கூடினால் மாற்றம் தானாக நிகழும். இதனையே டார்வின் இயற்கைத் தேர்வு என்றார். போஞ்சியின் தூய வழியிற் தெரிவு பலிக்காததும் நுளம்பிற் பலித்ததும் ஒரே விதியின் இரு பக்கங்கள். பரம்பரை வேறுபாடு இல்லாதவிடத்துத் தெரிவுக்கு வேலையில்லை.

கிருமிகளும் இவ்வாறே. முன்பொருமுறை வைத்தியர் தந்து மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையைத் தடிமனுக்கென்று தாமே எடுத்து விழுங்குவோரும், ஒருவர் குளிசையை மற்றவருக்குக் கொடுப்போரும் எம்மிடையே உளர். தடிமன் வைரசால் வருவது; அதற்கு அம்மருந்து உதவாது. ஆனால் உடலிலுள்ள பிற கிருமிகளுள் மருந்தை எதிர்ப்பவை மாத்திரம் எஞ்சிப் பெருக அது வழிசெய்யும்.

மலேரியாக் கதைக்கு நல்ல முடிவும் உண்டு. போர் நடந்த காலத்திலும் வடக்கு, கிழக்குப் பகுதிகளிற் பணியைக் கைவிடாத சுகாதார ஊழியரின் உழைப்பாலும், மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியமையாலும், நுளம்பு வலைகளாலும், விடாத கண்காணிப்பாலும் 2012 இன் பின்னர் உள்நாட்டிற் தொற்றிய மலேரியா இல்லாதொழிந்தது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது. நுளம்பு இன்னும் உண்டு; நோயே இல்லை.

இப்போது மகளின் கூற்றுக்கு வருவோம். வலியது வாழும் என்பதா இயற்கையின் சட்டம்? ‘தக்கது பிழைக்கும்’ என்ற தொடர் டார்வின் ஆக்கியதன்று. 1864 இல் ஹேர்பேட் ஸ்பென்சர் என்ற தத்துவாசிரியர் ஆக்கியதை அவர் பின்னாளில் எடுத்துக்கொண்டார். இங்கே ‘தகுதி’ என்பது அந்தச் சூழலில், அந்த வேளையில், எத்தனை சந்ததியை விட்டுச் செல்லமுடிந்தது என்ற கணக்கு மாத்திரமே. மருந்தடித்த வீட்டிற் தகுதியுடைய நுளம்பு, மருந்தில்லாத காட்டிற் தகுதியற்றதாகவும் கூடும். தகுதி என்பது மேன்மையன்று; வலிமையுமன்று; அறத்தீர்ப்பு அறவே அன்று.

இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு சாட்சி நிற்கின்றது. ஒடென்சேயிலிருந்து கொப்பன்ஹேகனுக்குச் செல்லும்போது நாம் ஸ்ரோரபெல்ற் பாலத்தைக் கடக்கின்றோம். நடுவழியிற் சக்கரங்களின் கீழே வந்துபோகும் சிறு தீவு ஸ்ப்ரோ. 1923 முதல் 1961 வரை அத்தீவில் ஒரு நிலையம் இருந்தது. ஒழுக்கம் குன்றியவர்கள், புத்தி மந்தமானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட இளம் பெண்கள் அங்கு அடைத்து வைக்கப்பட்டனர். பலருடைய குற்றம் வறுமையும், மணமின்றிக் கருவுற்றமையுமே. 1929 இல், ஐரோப்பிய நாடுகளுள் முதலாவதாக, டென்மார்க் கருவள நீக்கச் சட்டமொன்றை இயற்றியது. ‘தகுதியற்றோர்’ பெருகக்கூடாது என்பது அதன் பின்னிருந்த எண்ணம். 1967 வரை பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அத்தகைய சட்டங்களின்கீழ்ச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர். ஸ்ப்ரோவிலிருந்து வெளியேறுவதற்கு அதுவே பலருக்கு நிபந்தனையாயிற்று. போஞ்சியின் தோற்றத்தைக் கொண்டு அதன் பரம்பரையைச் சொல்லமுடியாது என்று தன் மண்ணிலேயே நிறுவப்பட்ட பின்னரும், ஏழைப் பெண்ணின் நடத்தையைக் கொண்டு அவள் பரம்பரைக்குத் தீர்ப்பெழுதியது ஒரு நாகரிக அரசு. அரச பராமரிப்பு நிலையங்களில் 1933 முதல் 1980 வரை துன்புற்றோரிடம் டெனிஷ் அரசாங்கம் 2023 இல் மன்னிப்புக் கோரியது.

பிறர் குற்றத்தைச் சொல்லி எமது குற்றத்தை மறைத்தல் அழகன்று. குலத்தைக் கொண்டு குணத்தை அளப்பது எமது பழைய நோய். அதனை மூட்டை கட்டிக்கொண்டு கடல் கடந்து வந்திருக்கின்றோம். இருபது ஆண்டுகள் ஒரே வகுப்பிற் படித்துப் பழகிய இரு பிள்ளைகள் மணம் செய்ய விரும்பினால், ‘எந்தப் பகுதி?’ என்று தொலைபேசியிற் துருவித் துருவிக் கேட்கின்றோம். இரத்தம் என்றும் விதை என்றும் சொல்கின்றோம். பரம்பரையலகுகள் இதனை ஆதரிக்கவில்லை. மனிதரிடையே காணப்படும் பரம்பரை வேறுபாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவானது ஒரே மக்கட் கூட்டத்தின் உள்ளேயே உள்ளது என 1972 இல் றிச்சர்ட் லெவொன்ரின் காட்டினார். இந்தியாவின் பல சாதிக் குழுக்களை ஆராய்ந்து 2013 இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் அங்கு மக்கள் பரவலாகக் கலந்திருந்தனர் எனக் கூறுகின்றது. கதவுகள் பின்னரே சாத்தப்பட்டன. தூய வழி போஞ்சிக்கு உண்டு, மனிதருக்கில்லை.

எமது பிள்ளைகள் வேறொரு பேச்சையும் கேட்கக்கூடும். காக்கேசியாவிலிருந்து கொணர்ந்த பெருஞ்செடியான ‘பியோர்னெக்லோ’ இந்நாட்டு ஆற்றங்கரைகளில் உள்ளூர்ச் செடிகளை மூடி வளர்கின்றது. 1905 இல் அழகுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இலங்கைக் குளங்களை மூடியது. இவற்றை ஆக்கிரமிப்பு இனங்கள் என்பது சரி. வெளிநாட்டிலிருந்து வந்த மனிதரை அச்சொல்லாற் குறிப்போர் உயிரியலை அறியாதோர். இனம் என்றால் தம்முள் இணைந்து வளமுள்ள சந்ததியை ஈனவல்ல உயிர்த்தொகுதி. யாழ்ப்பாணத்தானும் ஒடென்சேக்காரனும் ஒரே இனம். ஒருவன் மற்றவன் நாட்டுக்கு வருவது ஓரினம் தன் நிலப்பரப்பினுள் இடம் பெயர்வதே. பிள்ளை இதனை வகுப்பிற் சொல்லக் கூசவேண்டியதில்லை.

மகனின் கூற்றுக்கும் ஒரு சொல். மனிதன் இன்றுள்ள குரங்கிலிருந்து வந்தவன் என்று கூர்ப்புக் கொள்கை சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பல இலட்சம் ஆண்டுகளுக்கல்ல, அறுபது எழுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான முன்னோர் இருந்தனர் என்றே சொல்கின்றது. மச்சான்மார் இருவருக்குப் பாட்டன் ஒருவர். அதனால் ஒரு மச்சான் மற்றவனுக்குப் பாட்டனாகிவிட மாட்டான். சிவபுராணத்திற் புல் முதலாகப் பிறவிகள் நிரல்படச் சொல்லப்பட்டிருப்பதைக் காட்டி, டார்வினுக்கு முன்பே நாம் கண்டுவிட்டோம் என்று மேடைகளிற் பேசுவோர் உளர். அது பொருந்தாது. அது ஓருயிர் பல பிறவிகளினூடே இளைத்து இறைவனை அடையும் பயணத்தைச் சொல்வது. கூர்ப்பு, குடித்தொகைகள் காலப்போக்கில் மாறுவதைச் சொல்வது. இரண்டையும் கலந்து குழப்பினாற் பிள்ளைக்குச் சமயமும் விளங்காது, விஞ்ஞானமும் விளங்காது.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? உயிரியற் புத்தகத்தைப் பிள்ளையிடமிருந்து வாங்கி, படங்களைக் காட்டி, ‘இதை எனக்குத் தமிழிற் சொல்’ என்று கேளுங்கள். பிள்ளை டெனிஷிற் கற்றதை எமக்குத் தமிழிற் சொல்ல முயலும்போது பாடமும் தெளிவாகும், மொழியும் வளரும். பரம்பரையலகு, இயற்கைத் தேர்வு, தாங்குதிறன் என்ற சொற்களை நாம் கொடுக்கலாம். பொருளை அவர்கள் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபியோர்டுக் கரையில் நடக்கும்போது அன்னங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை ஸ்ரோரபெல்ற்றைக் கடக்கும்போது அந்தச் சிறு தீவைக் காட்டி அங்கு நடந்ததையும் சொல்லுங்கள்.